நெஞ்சுல சளி கட்டிருச்சுன்னு சொல்றாங்களே, உள்ள என்னதான் நடக்குது?

கைக்குழந்தை இருக்குற வீட்டுல மழை ஆரம்பிச்சாலே இந்த பேச்சு வந்துரும், "நெஞ்சுல சளி கட்டிருச்சு". மூக்கு ஒழுகுனாலும் இதான், முதுகுல கைய வச்சா கர்ருகர்ருன்னு அதிர்ந்தாலும் இதான், நிமோனியா வந்து ஐசியூல கெடந்தாலும் இதேதான். அஞ்சாறு வியாதிக்கு நம்ம கிட்ட ஒரே பேருதான் இருக்கு, அதனால பக்கத்து வீட்டு பிள்ளைக்கு கேட்ட மருந்து நம்ம பிள்ளைக்கு ஏன் கேக்கலன்னு புரியாம நாலு டாக்டர் மாத்துறோம்.

என் பையனுக்கு அஞ்சு மாசத்துல இது வந்துச்சு. எங்க அத்தை, அதான் வீட்டுக்காரரோட அம்மா, "சளிய கரைச்சு எடுத்தா சரியாப் போகும்"னு கற்பூரவள்ளி இலைய வாட்டிட்டு நின்னாங்க, எங்க அம்மா போன்ல "நீ தயிர் சாப்டதுதான் பிள்ளைக்கு எறங்கிருச்சு"ன்னு திட்டுனாங்க, நான் நடுவுல அழுதுட்டு இருந்தேன். அப்புறம் டாக்டர் ஒரு பேர் சொன்னாரு, பிரான்கியோலைட்டிஸ். ரெண்டு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைகளுக்கு வர்ற நெஞ்சு நோய்ல ரொம்ப சாதாரணமானது இதான், அதுலயும் ஆறு மாசத்துக்குள்ள உள்ளதுகளதான் கூடுதலா படுத்தும். நான் டாக்டர் கிடையாது, அவங்க சொன்னத கேட்டும் அப்புறமா படிச்சும் எனக்கு விளங்குனத, என்னை மாதிரி முதல் பிள்ளை வச்சிருக்கவங்களுக்காக எழுதுறேன்.

முதல்ல குழாய் கணக்கு

ஜிகர்தண்டா கடைல குடுக்குற பெரிய ஸ்ட்ரா இருக்குல்ல, அதையும் டெட்ரா பேக் ஜூஸ்ல ஒட்டி வர்ற ஊசி மாதிரி ஸ்ட்ராவையும் நெனச்சுக்கோங்க. ரெண்டுக்குள்ளயும் சுத்தி ஒரே அளவு மாவு ஒட்டிருச்சுன்னு வைங்க. பெரிய ஸ்ட்ரால கொஞ்சம் தம் கட்டி உறிஞ்சுனா வந்துரும், சின்னதுல கன்னம் ஒட்டிப்போற அளவுக்கு இழுத்தாலும் சொட்டுதான் வரும். பிள்ளைக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் அம்புட்டுதான்.

இத எண்ணுல சொன்னா இன்னும் பயமா இருக்கும். பிறந்த குழந்தையோட பெரிய மூச்சுக்குழாய் சுமாரா 4 மில்லிமீட்டர் அகலம், பெரியவங்களுக்கு 8னு வைங்க. உள்பக்கம் சுத்தி 1 மில்லிமீட்டர் வீங்குனா பெரியவங்களுக்கு காத்து போறதுக்கான தடை மூணு மடங்கு ஆகும். குழந்தைக்கு 16 மடங்கு. குழாயோட அகலம் பாதியா போச்சுன்னா தடை ரெண்டு மடங்கு ஆகுறதில்ல, ரெண்ட நாலு தடவ பெருக்குன அளவு ஆகுது. அதனாலதான் ஒரே வைரஸ் வீட்டுல எல்லாருக்கும் வந்தாலும் தாத்தா ரெண்டு தும்மல் போட்டுட்டு டீக்கடைக்கு போயிடுறாரு, பேரன் மூச்சுக்கு தவிக்கிறான்.

இது பெரிய குழாய் கதை. நெஞ்சுக்குள்ள போனா அது மரம் மாதிரி கிளை கிளையா பிரிஞ்சு கடைசில நூல் கணக்கா சின்ன சின்ன குழாய்ங்க வரும், அதுக்குத்தான் பிரான்கியோல்னு பேரு. அந்த நூல் குழாய்ங்க வீங்கி அடைச்சுக்குறதுதான் பிரான்கியோலைட்டிஸ். சொட்டுநீர் பாசனம் போட்டவங்களுக்கு சட்டுனு புரியும், மோட்டார் நல்லா ஓடும், மெயின் பைப்ல தண்ணி வரும், ஆனா செடிகிட்ட இருக்குற பொடி ட்யூப்ல பாசி அடைச்சா செடி காயும்.

வைரஸ் உள்ள போயி என்ன பண்ணுது

இத கொண்டு வர்றது பெரும்பாலும் ஆர்எஸ்வின்னு ஒரு வைரஸ். 1956ல முதல்ல கண்டுபிடிச்சது மனுசங்கிட்ட இல்ல, சளி பிடிச்ச சிம்பன்சி குரங்குங்ககிட்ட, அதுக்கு அடுத்த வருசமே சின்ன பிள்ளைங்ககிட்டயும் இதான்னு தெரிஞ்சு போச்சு. ரெண்டு வயசு முடியுறதுக்குள்ள கிட்டத்தட்ட எல்லா பிள்ளைக்கும் இது ஒரு தடவையாவது வந்துரும், முக்காவாசி பேருக்கு வெறும் ஜலதோசமா போயிரும். வேற சில வைரஸ்களும் இதே வேலைய செய்யும்.

சின்ன குழாய்ங்களோட உள்சுவருல மெல்லிசான மயிர் மாதிரி இழைங்க இருக்கு, அதுங்கதான் தென்னந்தொடப்பம் மாதிரி சளிய மேல மேல தள்ளி தொண்டைக்கு கொண்டு வரும். வைரஸ் வந்து அந்த தொடப்பத்தையே பிச்சு போட்டுருது. சுவர் வீங்குது, உதிர்ந்த செல்லும் சளியும் சேந்து கூழ் மாதிரி ஆயி குழாய்ல நிக்குது, கூட்டித்தள்ள ஆளில்ல.

இன்னொரு கொடுமையும் உண்டு. மூச்ச உள்ள இழுக்கும்போது நெஞ்சு விரியுறதால குழாயும் லேசா விரியும், காத்து எப்படியோ நுழைஞ்சிரும். வெளிய விடும்போது குழாய் சுருங்கி அடைச்சுக்கும். சைக்கிள் ட்யூப் வால்வ் மாதிரி, அடிச்ச காத்து உள்ள போகும், திரும்பி வராது. அந்த சந்துல காத்து பிதுங்கி வர்ற சத்தம்தான் வீசிங், நம்ம ஊருல இழுப்புன்னு சொல்றது.

இதுவரைக்கும் சொன்னத சுருக்கிக்குவோம். பிரச்சினை நெஞ்சுக்குள்ள ஒரு பாத்திரத்துல தேங்கி நிக்குற சளி இல்ல, கரைச்சு ஊத்திற முடியாது. வீங்கிப்போன பொடிக் குழாய்ங்க, அது தானா வத்தணும். அதுக்கு உடம்பு எடுத்துக்குற நாள்ல பிள்ளைக்கு மூச்சும் பாலும் கொறையாம பாத்துக்குறதுதான் நம்ம வேலை. நாம எல்லாரும் சளியவே பாத்துட்டு இருக்கோம், பாக்க வேண்டியது மூச்ச.

எத்தனாவது நாள் எப்படி இருக்கும்

முதல் ரெண்டு மூணு நாள் சாதா ஜலதோசம்தான். மூக்கு ஒழுகும், லேசா காய்ச்சல் அடிக்கலாம், அடிக்காமலும் இருக்கலாம். அப்புறம் இருமல் வரும், மூச்சு வேகமாகும், பால் குடிக்க தெணறும். மூணுலேர்ந்து அஞ்சு நாளுக்குள்ளதான் உச்சம். இது தெரியாததாலதான் நெறைய பேரு ரெண்டாம் நாள் டாக்டர பாத்துட்டு நாலாம் நாள் "மருந்து குடுத்தும் அதிகமாயிருச்சு"ன்னு வேற டாக்டர்கிட்ட ஓடுறாங்க, ரெண்டாவது டாக்டர் மருந்து குடுத்த மறுநாள் பிள்ளை தெளிய ஆரம்பிக்கும், பேரு அவருக்கு போயிரும். பாவம் முதல் டாக்டர். வியாதியோட போக்கே அப்படித்தான்.

மூச்ச எண்ற விதம்

இந்த கட்டுரைல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இத வச்சுக்கோங்க. பிள்ளை தூங்கும்போதோ அமைதியா படுத்திருக்கும்போதோ சட்டைய மேல தூக்கி விட்டு வயித்தையும் நெஞ்சையும் பாருங்க, போன்ல 1 நிமிசம் டைமர் வைங்க, ஒருதடவ ஏறி எறங்குனா ஒண்ணு. முழு 60 செகண்டும் எண்ணணும், 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்குறது வேணாம், ஏன்னா கைக்குழந்தைங்க இயல்பாவே கொஞ்சம் வேகமா விட்டு கொஞ்சம் நிறுத்தி விடும். அழுது முடிச்ச உடனேயும் காய்ச்சல் கொதிக்கும்போதும் எண்ணுனா கணக்கு கூடத்தான் காட்டும், அடங்குனதும் திரும்ப எண்ணுங்க.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லைக்கோடு இது. 2 மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைக்கு நிமிசத்துக்கு 60 அல்லது அதுக்கு மேல இருந்தா வேகமான மூச்சு. 2 மாசத்துலேர்ந்து ஒரு வயசு முடியுற வரைக்கும் 50. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் 40. கிராமத்துல வேலை செய்ற சுகாதார பணியாளர்கள் நிமோனியாவ சந்தேகப்படுறதே இந்த எண்ண வச்சுதான். இந்த அளவ தொட்டா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்.

அடுத்தது நெஞ்சு உள்வாங்குறது. சாதாரணமா மூச்ச இழுக்கும்போது வயிறும் நெஞ்சும் மேல வரும். தவிக்கிற பிள்ளைக்கு விலா எலும்புக்கு கீழ குழி விழும், அதாவது மூச்சு உள்ள போகும்போது அந்த எடமும் உள்ள போகும். எலும்புங்களுக்கு நடுவுலயும் கழுத்துக்குழிலயும் கூட தெரியும். அழும்போது கொஞ்சம் தெரியுறது பெருசில்ல, அமைதியா இருக்கும்போதே குழி விழுந்தா பெருசு.

கொரோனா சமயத்துல வாங்குன ஆக்சிமீட்டர பிள்ளை வெரல்ல மாட்டி பாக்காதீங்க. அது பெரியவங்க வெரலுக்கு செஞ்சது, குட்டி வெரல்ல சரியா உக்காராது, 82ன்னு காட்டி உங்கள பயமுறுத்தும், இல்லன்னா 98ன்னு காட்டி ஏமாத்தும். குழந்தைக்குன்னு தனியா ப்ரோப், அதாவது உடம்புல மாட்டுற சென்சார் இருக்கு, அது டாக்டர்கிட்ட இருக்கும்.

நான் தினசரி காலண்டர் தாள் கிழிச்சு அதோட பின்பக்கத்துல காலைல ராத்திரின்னு எண்ணி எழுதி வச்சேன். ரெண்டாம் நாள் 42, மூணாம் நாள் 48, நாலாம் நாள் 56. அந்த 56அ பாத்துட்டுதான் கெளம்பினோம். டாக்டர் ஆக்சிஜன் பாத்தாரு, நல்லா இருந்துச்சு, குழியும் விழல, பாலும் குடிக்கிறான், அதனால வீட்டுலயே பாத்துக்கலாம், 60 தாண்டுனா ராத்திரியானாலும் கொண்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு.

யோசிக்காம கெளம்ப வேண்டியது எப்போ

மூச்சு நடுவுல பத்து செகண்ட் போல நின்னு நின்னு வந்தா. உதடோ நாக்கோ நீலமா சாம்பலா மாறுனா, நம்ம பிள்ளைங்க நெறத்துக்கு முகத்துல தெரியாது, வாய்க்குள்ளதான் பாக்கணும். ஒவ்வொரு மூச்சுக்கும் ம்ஹ் ம்ஹ்னு முனகுனா. தூக்குனா தொவண்டு விழுந்தா, எழுப்ப எழுப்ப முழிக்கலன்னா. பாலே குடிக்க முடியலன்னா, குடிச்சதெல்லாம் வாந்தி எடுத்தா, வலிப்பு வந்தா. இதுல ஒண்ணு இருந்தாலும் 108க்கு போன போடுங்க, நாளைக்கு காலைல பாக்கலாம்ங்குற பேச்சே வேணாம்.

இவ்வளவு மோசமில்ல, ஆனாலும் அன்னைக்கே காட்டணும்ங்குறது: எண்ணிக்கை மேல சொன்ன அளவ தொடுறது, நெஞ்சு குழி விழுறது, மூக்கு ஓட்டை விரிஞ்சு விரிஞ்சு அடங்குறது, வழக்கமா குடிக்கிறதுல பாதி கூட உள்ள போகாதது, பன்னெண்டு மணி நேரமா ஒண்ணுக்கு போகாதது. மூணு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் தொட்டாலே காட்டணும்.

குறைமாசத்துல பொறந்தது, இதயத்துல ஓட்டை உள்ளது, மூணு மாசம் ஆகாதது, இந்த மூணு வகை பிள்ளைகளுக்கு சளி ஆரம்பிக்கும்போதே டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருங்க. ரொம்ப சின்னதுகளுக்கு இருமல் கூட வராது, பால் குடிக்காம சோர்ந்து கெடக்கும், மூச்சு விட்டு விட்டு வரும், அம்புட்டுதான் அறிகுறி.

வீட்டுல செய்ற வைத்தியம்

கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால மட்டும்தான் மூச்சு விடும், வாயால விட இன்னும் பழகிருக்காது. மூக்கு அடைச்சா பாலும் குடிக்க முடியாது மூச்சும் விட முடியாது. அதனால மூக்க தொறந்து வைக்கிறதுதான் பெரிய வைத்தியம். மருந்து கடைல சலைன் நேசல் ட்ராப்ஸ்னு கேளுங்க, வெறும் உப்புத்தண்ணி, மருந்து எதுவும் கலக்காதது. பால் குடுக்குறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒவ்வொரு மூக்குலயும் ரெண்டு சொட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு ரப்பர் பல்ப் வச்சு முன்னாடி இருக்குறத மட்டும் உறிஞ்சி எடுங்க. ஒரு நாளைக்கு இருபது தடவ உறிஞ்சுனா மூக்கு உள்ள வீங்கி இன்னும் அடைக்கும். கடைல சொட்டு மருந்துன்னு பொதுவா கேட்டா மூக்கடைப்பு மருந்து கலந்தத குடுத்துருவாங்க, லேபிள படிச்சு வாங்குங்க. வீட்டுலயே உப்பு கரைச்சு ஊத்துறதும் வேணாம்.

பால கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. மூச்சு வாங்குற பிள்ளை பத்து நிமிசம் ஒரேயடியா உறிஞ்ச முடியாது, ஓடிட்டு வந்தவங்க கைல சோத்து தட்ட குடுத்த மாதிரி. ரெண்டு நிமிசம் குடிக்கட்டும், விடட்டும், திரும்ப குடுங்க. தாய்ப்பால நிறுத்தாதீங்க. அம்மா ஆரஞ்சு சாப்டா பிள்ளைக்கு சளி பிடிக்கும், தயிர் சாப்டா எறங்கும்ங்குறதெல்லாம் இல்ல, இது வைரஸ், யாரோ ஒருத்தர் தும்முன கையோட பிள்ளை கன்னத்த கிள்ளிருப்பாங்க. எங்க வீட்டுல அது நானேதான்னு நெனக்கிறேன்.

காய்ச்சல் வந்து பிள்ளை சிணுங்குனா பாராசிட்டமால், எடைக்கு தகுந்த அளவு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வச்சுக்கோங்க. இதுல ஒரு ஆபத்து இருக்கு, ட்ராப்ஸ்ல பொதுவா 1 மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்புல 5 மில்லிக்கு 120லேர்ந்து 250 வரைக்கும்தான். சிரப்புக்கு சொன்ன அளவுல ட்ராப்ஸ ஊத்துனா ரெண்டுலேர்ந்து நாலு மடங்கு வரைக்கும் உள்ள போயிரும்.

தலைக்கு தலையணை வச்சு உயர்த்துறது வேணாம், மல்லாக்க தட்டையா போடுங்க. முழிச்சிருக்கும்போது தோள்ல நிமித்தி வச்சா மூச்சு சௌரியமா இருக்கும்.

நல்லது நெனச்சு செய்ற கெடுதல்

இங்கதான் வீட்டு பெரியவங்களோட மல்லுக்கட்டணும். முதல்ல சாம்பிராணி. குளிப்பாட்டிட்டு புகை காட்டுனா சளி எடுக்கும்னு சொல்லுவாங்க, ஆனா ஏற்கெனவே வீங்கி கெடக்குற ஊசிக் குழாய்க்குள்ள புகைய விடுறது எப்படி நல்லது பண்ணும்? கொசுவத்தி, சிகரெட், அடுப்பு புகை எல்லாமே அதே கணக்குதான். எங்க அத்தைகிட்ட "அடுப்பு புகைல உங்களுக்கு இருமல் வருதா இல்லையா"ன்னு கேட்டேன், அப்புறம் சாம்பிராணி சட்டி பரண் மேல ஏறிருச்சு.

தேங்காண்ணெய்ல கற்பூரம் போட்டு காய்ச்சி நெஞ்சுல தேய்க்கிறது ஊருக்கே பழக்கம். கற்பூரம் சின்ன பிள்ளை உடம்புக்குள்ள போனா வலிப்பே வரும், தோல் வழியா கூட கொஞ்சம் போகும், கைய வாயில வச்சா நேராவே போகும். விக்ஸ் மாதிரி தைலமும் ரெண்டு வயசுக்கு கீழ கூடாது. ஒரு வயசுக்குள்ள தேன் நாக்குல தடவவே கூடாது, அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தை குடல்ல வளந்து நரம்ப செயலிழக்க வைக்கும். ஆவி பிடிக்க வைக்கிறேன்னு கொதிதண்ணி கொட்டி வெந்து போன பிள்ளைக உண்டு. தொக்கம் எடுக்குறேன்னு குழாய் வச்சு ஊதுறதும் வாய்க்குள்ள வெரல விடுறதும் வேணவே வேணாம்.

இருமல் சிரப் பத்தி தனியா சொல்லணும். 2025ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் இருமல் சிரப் குடிச்ச பிள்ளைங்க 20 பேருக்கு மேல கிட்னி போயி செத்தாங்க, அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. உள்ள டைஎத்திலீன் கிளைக்கால்ங்குற விஷம் இருந்துச்சு. கலப்படம் இல்லாத நல்ல சிரப்பா இருந்தாலும் ரெண்டு வயசுக்கு கீழ அதால பிரயோசனம் இல்ல, தூக்கமும் படபடப்பும்தான் வரும், குடுக்காதீங்கன்னு மத்திய அரசு சுகாதாரத் துறையே டாக்டர்களுக்கு சொல்லிருக்கு. இருமல்தான் இப்போ பிள்ளைக்கு இருக்குற ஒரே தொடப்பம், அத ஏன் புடுங்கணும்.

நெபுலைசரும் ஆன்டிபயாடிக்கும்

நெபுலைசர்ங்குறது மருந்த புகைமூட்டம் மாதிரி ஆக்கி மூச்சோட உள்ள அனுப்புற மிசின். ஆஸ்துமால குழாய சுத்தி இருக்குற தசை இறுக்கி பிடிக்குது, நெபுலைசர்ல போடுற சால்பூட்டமால் அந்த தசைய தளர்த்தும், உடனே நிம்மதி. பிரான்கியோலைட்டிஸ்ல பிடிக்கிறது தசை இல்ல, சுவர் வீக்கமும் கூழும். முடிச்ச அவுக்குற ஆளு அடைப்ப எடுக்க மாட்டான்ல, அதனால பெரும்பாலும் பலனில்ல. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயே இது வேணாம், ஸ்டீராய்டும் வேணாம்னு இருக்கு. ஆனா உங்க டாக்டர் பிள்ளைய பாத்து வேற காரணத்துக்காக எழுதிருக்கலாம், வீட்டுல ஆஸ்துமா இருக்கலாம், நீங்களா நிறுத்தாம கேட்டு தெரிஞ்சுக்கோங்க. பக்கத்து வீட்டு மிசின இரவல் வாங்கி நீங்களா வைக்கிறதுதான் தப்பு.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு, இது வைரஸ். மூக்குல பச்சையா வந்தா சளி முத்திருச்சு, மருந்து வேணும்னு நெனப்போம், அந்த பச்சை நம்ம வெள்ளணுக்கள் சண்டை போட்டதோட சாயம், பாக்டீரியா வந்ததுக்கு அத்தாட்சி இல்ல.

சுருக்கமா, இந்த வியாதிய சீக்கிரம் முடிச்சு வைக்கிற மருந்து இன்னைக்கு எதுவும் இல்ல. ஆஸ்பத்திரில சேத்தாலும் முக்கியமா செய்றது ஆக்சிஜன் குடுக்குறதும் மூக்கு வழியா குழாய் போட்டு பால் குடுக்குறதும்தான். வராம தடுக்க 2023லேர்ந்து அமெரிக்கா, ஐரோப்பால கர்ப்பிணிக்கு ஒரு ஊசியும் குழந்தைக்கு ஒரு ஊசியும் வந்துருக்கு. எல்லாருக்கும் கைல இருக்குறது சோப்பு, அப்புறம் பிள்ளைய பாக்க வர்றவங்ககிட்ட "ஜலதோசம்னா அடுத்த வாரம் வாங்க"ன்னு சொல்ற தைரியம்.

இருமல் இன்னும் போகலையே

மூச்சு சரியான அப்புறமும் இருமல் மூணு வாரம் வரைக்கும் இருக்கும். பிஞ்சு போன தொடப்ப இழைங்க திரும்ப மொளைக்க நாளாகும், அதான். இந்த கட்டத்துலதான் யாராவது வந்து "ப்ரைமரி காம்ப்ளெக்ஸா இருக்கும்"னு கொளுத்தி போடுவாங்க, அது காசநோய். இருமல் நாளுக்கு நாள் கொறஞ்சுட்டே வந்து பிள்ளை நல்லா குடிச்சு எடை ஏறுனா பொறுமையா இருக்கலாம். கொறையவே இல்ல, எடை ஏறல, காய்ச்சல் விட்டு விட்டு வருது, வீட்டுல யாருக்காவது காசநோய் இருந்துருக்குன்னா ரெண்டு வாரத்துலயே காட்டி சோதிச்சிருங்க. ஒரு தடவ இழுப்பு வந்ததாலயே ஆஸ்துமான்னும் முடிவு பண்ண வேணாம், திரும்ப திரும்ப வந்தா டாக்டர் சொல்லுவாரு.

எங்க வீட்டு காலண்டர் தாள்ல அஞ்சாம் நாள் 54, ஆறாம் நாள் 48, ஏழாம் நாள் 44, ஒம்பதாம் நாள் 38. அதோட எழுதுறத விட்டுட்டேன். இருமல் நின்னது பத்தொம்பதாவது நாள். அடுத்த தடுப்பூசிக்கு போனப்ப அட்டைக்குள்ள சொருகி இருந்த அந்த தாளுங்கள டாக்டர் எடுத்து பாத்துட்டு, "இத மட்டும் எல்லாரும் கொண்டு வந்தா எனக்கு பாதி கேள்வி மிச்சம்மா"ன்னு சொல்லிட்டு திருப்பி அட்டைக்குள்ளயே வச்சாரு.